அடுக்களைக்கும் களஞ்சியத்துக்கும் இடையே தீத்தடுப்பு

அறுவடை முடிந்ததும் கமக்காரனின் வளவிலே நெல் மூடைகளும் வைக்கோற் போரும் வந்து சேர்கின்றன. அடுத்த போகத்துக்கான விதைநெல்லும் அங்கேயே இருக்கின்றது. இவற்றினருகே அடுப்பும் நாள்தோறும் எரிகின்றது. ஒரு பொறி பறந்தால் ஓராண்டின் உழைப்பு ஒரு நாழிகையிற் சாம்பலாகும். முன்னோர் அடுக்களையைத் தனிக்குடிலாக அமைத்ததன் பயன் இதனால் விளங்கும்.

1666 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலே, பாண் சுடும் போறணையொன்றில் மூண்ட தீ, நெருங்கி நின்ற மரவீடுகளின் வழியே பரவி 13,000 க்கு மேற்பட்ட வீடுகளை அழித்தது. அதன் பின்னரே, 1667 இல், வெளிச்சுவர்களைச் செங்கல்லாலோ கருங்கல்லாலோ கட்டவேண்டுமெனச் சட்டஞ் செய்தனர். நெருப்புள்ள இடத்தையும் எரியும் பொருளுள்ள இடத்தையும் பிரித்து வைத்தல் வேண்டும். இவ்விதி சிறு வளவுக்கும் பொருந்தும்.

சுவரைத் தாண்டுந் தீ

அடுக்களையும் களஞ்சியமும் ஒரே கூரையின் கீழ் அமைந்த வீடுகளில், இடைச்சுவர் பெரும்பாலும் கூரையைத் தொடாது நின்றுவிடுகின்றது. தீயின் வெப்பமும் புகையும் மேலெழுந்து அவ்விடைவெளியாற் களஞ்சியத்துட் புகும். ஆதலால் இடைச்சுவரைக் கூரைவரை எழுப்பி, இடுக்குகளைச் சாந்தினால் அடைத்தல் வேண்டும். கிடுகுக் கூரையாயின் சுவரைக் கூரைக்கு மேலும் உயர்த்துக. சுவரை ஊடறுத்து மரவளை செல்லலாகாது. களஞ்சியத்துக்கு வாயில் வெளிப்புறமாகவே இருக்கட்டும். தகரம் எரியாது, ஆயினும் சூட்டைக் கடத்தும். எனவே தகரமறைப்பை மட்டும் நம்பி அதனையொட்டி வைக்கோலை அடுக்கற்க.

வைக்கோற் போர்

வீட்டிலிருந்து 50 அடிக்குக் குறையாத தூரத்திற் போர் அமைக்க. இடமிருப்பின் 100 அடி விடுதல் நன்று. மே முதல் செத்தெம்பர் வரை சோழகம் தென்மேற்கிலிருந்தும், மாரியில் வாடை வடகிழக்கிலிருந்தும் வீசும். வீட்டின் வடமேற்கிலோ தென்கிழக்கிலோ போர் இருப்பின், இவ்விரு காற்றுகளின் நேர்வழிக்கு அது விலகி நிற்கும். இடம் குறுகிய வளவிலே ஒரு பெரும் போரினும் பிரித்து வைத்த சிறு போர்கள் பலவே பாதுகாப்பானவை.

ஈரவைக்கோலை அடுக்கினால் நுண்ணுயிர்களாற் போரினுள்ளே சூடு பிறந்து, சிலவேளை தானே தீப்பற்றும். இரும்புக்கம்பியொன்றை உட்செலுத்தி அரைமணி நேரத்தின் பின் எடுத்துப் பார்க்க. கையாற் பிடிக்கவியலாத சூடிருப்பின் போரை உடனே பிரிக்கற்க. காற்றுப் புகுந்தால் சுவாலை எழும். தண்ணீரையும் ஆட்களையும் ஆயத்தமாக வைத்துக்கொண்டே பிரித்தல் வேண்டும்.

எரிபொருளும் தொழுவமும்

பெற்றோலின் ஆவி காற்றினும் பாரமானது. அது நிலத்தோடு தவழ்ந்து தொலைவிலுள்ள விளக்கையும் சென்றடையும். எனவே எரிபொருளைக் காற்றோட்டமுள்ள தனிக் கொட்டிலிலே வைக்க. நைத்திரேற்றுப் பசளைகள் தீயை வளர்க்குமாதலின் அவற்றை எரிபொருளோடும் வைக்கோலோடும் சேர்த்து வைத்தலாகாது. வேலை முடிந்த உழவு இயந்திரத்தைச் சூடு ஆறுமுன் போரினருகே நிறுத்தற்க. மாட்டுக்கொட்டிலின் பரணில் வைக்கோலைச் சேமியாது, கொட்டிலுக்கு இரு வாயில்கள் வைத்து, மாடுகளை எளிதில் அவிழ்க்கக்கூடிய முடிச்சினாற் கட்டுக.

இன்று மாலையே வளவைச் சுற்றி நடந்து, அடுப்பிலிருந்து களஞ்சியத்துக்கும் போருக்கும் தீ செல்லக்கூடிய வழிகளைக் காண்க. அவற்றுள் ஒன்றையேனும் இவ்வாரத்தில் அடைத்துவிடுக.