பழைய ஜீப்பும் பத்தாம் வகுப்புப் பாடமும்

ஓம் விதியைப் பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறோம். ஆனால் அந்த விதி, கிளம்ப மறுக்கும் ஒரு பழைய ஜீப்பின் பழுதைக் கண்டுபிடிக்க உதவும் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

ஜீப் என்றதும் மேடு பள்ளம் பாராமல் ஓடும் வண்டிதான் நம் நினைவுக்கு வருகிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் வில்லிஸ் நிறுவனம் அமெரிக்கப் படைக்காக இவற்றைத் தயாரித்தது. போர் முடிந்தபின் மகிந்திரா நிறுவனம் நம் நாட்டில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. போர்க்கால ஜீப்பில் 6 வோல்ட் பேட்டரி இருந்தது. பின்னர் வந்தவற்றில் 12 வோல்ட் பேட்டரி இடம்பெற்றது. அவ்வழியில் வந்த பழைய ஜீப்புகள் சில இன்றும் நம் மாவட்டத்தில் உழைத்துக் கொண்டிருக்கின்றன.

அடி அண்ணாமலையில் எங்கள் தோழி ஒருத்தியின் பெரியப்பாவிடம் அப்படி ஒரு ஜீப் உண்டு. ஜவ்வாது மலை ஊர்களுக்குச் சாமான் ஏற்றிச் செல்லும். இரவில் யாருக்கேனும் உடல்நலம் கெட்டால் கீழே அழைத்து வருவதும் அதுதான். ஒரு நாள் அது அசையவில்லை. விளக்கு எரிந்தது, ஹாரன் ஒலித்தது, சாவியைத் திருப்பினால் மட்டும் 'டக்' என்ற ஓசையோடு செல்ஃப் நின்றுவிட்டது. பேட்டரி போய்விட்டது என்று பெரியப்பா புதிது வாங்கிப் போட்டார். மறுநாளும் அதே 'டக்'! நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இப்படி நின்றிருந்தால் என்னவாகியிருக்கும்?

விளக்கு எரியும்போது செல்ஃப் மட்டும் சுற்றாதது ஏன்? இதற்கு விடை காண, மின்சாரம் செல்லும் வழியை முதலில் அறிய வேண்டும். மின்னோட்டம் பேட்டரியின் ஒரு முனையில் புறப்பட்டு மறு முனைக்குத் திரும்பி வந்தாக வேண்டும். ஜீப்பில் திரும்பி வரும் வழி பெரும்பாலும் தனி ஒயர் அன்று. வண்டியின் இரும்புச் சட்டமே அவ்வழி. பேட்டரியிலிருந்து ஒரு தடித்த ஒயர் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். இதையே 'எர்த்' என்கிறார்கள். மழையிலும் சேற்றிலும் ஓடும் வண்டியில் அந்த போல்ட் துருப்பிடிக்கும். துரு மின்தடையை உண்டாக்கும்.

இங்கேதான் ஜார்ஜ் சைமன் ஓம் நமக்குத் துணை வருகிறார். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய அவர் 1827இல் தம் விதியை நூலாக வெளியிட்டார். மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் மின்னழுத்தம் கிடைக்கும். துருப்பிடித்த போல்ட்டின் தடை 0.05 ஓம் என்று கொள்வோம். முகப்பு விளக்குகள் 8 ஆம்பியர் எடுத்தால் அங்கே இழப்பது 0.4 வோல்ட்தான். விளக்கு ஒளி குறைந்ததாகவே நமக்குத் தோன்றாது. செல்ஃபுக்கோ 150 ஆம்பியர் வேண்டும் என்று கொண்டால், அதே போல்ட்டில் 7.5 வோல்ட் போய்விடும். மீதி 4.5 வோல்ட்டில் அவ்வளவு மின்னோட்டம் ஓடவே முடியாது, செல்ஃப் படுத்துவிடும். ஒரே பழுது விளக்குக்குத் தெரியவில்லை, செல்ஃபுக்குத் தெரிந்துவிட்டது!

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் இதை மீட்டர் கொண்டு எளிதாகக் காட்டினார். முதலில் ஓய்வில் இருக்கும் பேட்டரியை அளந்தார். முழுதும் சார்ஜ் ஏறிய பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், காட்டியது. பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மறு முனையை எஞ்சின் உடம்பிலும் வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னார். நல்ல எர்த் என்றால் கால் வோல்ட்டுக்குள் இருக்கும். முள்ளோ பல வோல்ட் தாண்டியது! பின்னர் ஒவ்வோர் இணைப்பாக அளந்து, சட்டத்து போல்ட்டில்தான் இழப்பு என்று கண்டார். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து இறுக்கினார். வண்டி உடனே கிளம்பிற்று. பழைய பேட்டரியையும் அளந்து பார்த்தார். அதில் குறையே இல்லை. பெரியப்பாவின் பணம்தான் வீண்.

இத்தகைய வேலையில் சில எச்சரிக்கைகள் உண்டு. பேட்டரியைக் கழற்றும்போது எர்த் ஒயரை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். இல்லையேல், மற்ற முனையைத் திருகும் ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டால் பெரும் பொறி பறக்கும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அருகில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. முனையில் பூத்த வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கலந்த நீரால் துடைக்கலாம்; சோடா அமிலத்தை நடுநிலையாக்கும். அந்த நீர் பேட்டரிக்குள் மட்டும் இறங்கக் கூடாது.

எல்லாவற்றிலும் கொடியது, எரிந்த ஃபியூஸுக்குப் பதில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றுவது. ஃபியூஸ் தான் உருகி ஒயரைக் காக்கிறது. அது உருகாவிட்டால் ஒயர் சூடேறும், உறை தீப்பற்றும். பெட்ரோலும் டீசலும் உள்ள வண்டியில் தீ என்றால் சொல்லவும் வேண்டுமோ!

தோழிகளே, இவ்வேலை ஆண்களுக்கே உரியது என்று ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. இதற்கு வேண்டியது தோள் வலிமையன்று. வரிசையாகச் சிந்திக்கும் பழக்கமும் பொறுமையுமே. பெற்றோர்களே, வண்டியோ வீட்டு மோட்டாரோ நின்றால், புதுப் பொருள் வாங்கக் கடைக்கு ஓடும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: மின்சாரம் எவ்வழியே போகிறது, எவ்வழியே திரும்புகிறது? எங்கே இழக்கிறோம் என்று அளந்து பார்த்தபின் செலவு செய்தால், காசும் மிஞ்சும். அவசர வேளையில் வண்டியும் கைகொடுக்கும்.