பொத்தான் இல்லாத பல்பு

மழை ராத்திரியில் கரன்ட் விட்டுவிட்டு வந்ததும் படுக்கையறை ஸ்மார்ட் பல்பு படபடவென்று சிமிட்டத் தொடங்கியதாம். போனில் எதைத் தட்டியும் அடங்கவில்லை, பேய் புகுந்துவிட்டதா என்று பேரன் கேட்கிறான் என ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பல்பில் பழுதில்லை அம்மா. அதற்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்திருக்கிறது.

வைஃபை, ஆப், குரல் கட்டளை எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. என்னைக் கவர்ந்தது வேறு. கேமராவிலும் ஸ்பீக்கரிலும் ரீசெட் பொத்தான் உண்டு. பல்பில் வைத்தால் ஏணி போட்டு ஏறி யார் அமுக்குவது? வைஃபை பாஸ்வேர்டை மாற்றினால், பழையதை மறந்துவிடு என்று அதனிடம் எப்படிச் சொல்வது? சுவரில் இருக்கும் சுவிட்சையே அதற்கு வழியாக்கினார்கள். பல வகைப் பல்புகளில் ஒவ்வொரு முறை கரன்ட் வரும்போதும் உள்ளிருக்கும் சிப், மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் ஒன்று கூட்டிக்கொள்ளும். சில விநாடிகள் தொடர்ந்து எரிந்தால் கணக்கைப் பூஜ்யமாக்கிவிடும். அடுத்தடுத்து மூன்று முறையோ ஐந்து முறையோ அணைந்து எரிந்தால், புதிதாக இணைக்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு சிமிட்டும். எங்கள் தெருப் பால்காரர் மூன்று முறை மணியடிப்பார். விளையாட்டுப் பையன் எவனாவது அதேபோல் அடித்தாலும் அம்மா பாத்திரத்தோடு வாசலுக்கு வந்துவிடுவார். சுவிட்சைத் தட்டும் விரலும் தடுமாறும் கரன்டும் பல்புக்கு ஒன்றுதான்.

அழகான யுக்தி. ஆனால் மின்சாரம் சீராக வரும் ஊரை மனதில் வைத்து யோசித்தது.

எனக்குக் கோபம் வருவது இன்னொன்றில். பல கருவிகளுக்கு நம் கட்டளை நேராகப் போவதில்லை. எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது. அதை மூடிவிட்டால்? வீட்டின் ஸ்மார்ட் கருவிகளை இணைத்து இயக்கும் ரிவால்வ் என்ற 300 டாலர் கருவியை, அதைத் தயாரித்த நிறுவனத்தை வாங்கிய நெஸ்ட் நிறுவனம் 2016 மே மாதத்தில் செயலிழக்க வைத்தது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் ஹோம் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி நின்றன. வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து நிறுவனத்தை வாங்கி மீட்டார்கள். நெட் இல்லாமல் வேலை செய்யுமா, சர்வர் எத்தனை ஆண்டு இருக்கும் என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிட வைக்க வேண்டும். கடையில் வாட்டும் விலையும் கேட்கும் நாமும் இதைக் கேட்பதே இல்லை.

வாசகிக்கு ஒரு வழி: அங்கே சாதாரண எல்இடி பல்பைப் போட்டுவிட்டு, சுவிட்ச்போர்டுக்குள் பொருத்தும் சிறிய ஸ்மார்ட் மாட்யூலை வாங்குங்கள். நெட் போனாலும் சுவிட்ச் கைக்கு வேலை செய்யும். இத்தகைய மாட்யூல்கள் பலவற்றுக்குத் தேவையான நியூட்ரல் வயர், சில பழைய வீடுகளில் போர்டுக்கு வந்திருக்காது. எலக்ட்ரீஷியனிடம் முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.