உங்களுக்குத் தெரியுமா? மஞ்சள் விளக்கும் பச்சைக் களிம்பும்

பிச்சாவரம் படகுத்துறையில் காரை நிறுத்திவிட்டு, அலையாத்திக் காட்டைச் சுற்றிப் பார்த்துத் திரும்புகிறீர்கள். ஸ்டார்ட் செய்தால் வண்டி குலுங்குகிறது. இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது. அதற்குள் வண்டி தன் குறையை ஐந்தே எழுத்தில் எழுதி வைத்துவிட்டது, தெரியுமா?

அதைப் படிக்கும் வழி ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் இது கட்டாயம். நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு, வண்டி தன் குறையைத் தானே கண்டறியும் இந்த ஓபிடி-2 முறை 2013 ஏப்ரலில் வந்தது.

சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டியதும் ‘பி0301’ என்று வந்தால்? ‘பி’ என்பது இன்ஜின், கியர்பாக்ஸ் பக்கம். 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு (code). 3 என்றால் தீப்பொறி சம்பந்தப்பட்டது. கடைசி 01, முதல் சிலிண்டர். ஆக, முதல் சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ் ஆகிறது.

இதைக் காசு செலவில்லாமல் சோதிக்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டு, முதல் சிலிண்டருக்குத் தீப்பொறி தரும் காயிலை இரண்டாவதிலும் இரண்டாவதை முதலிலும் மாற்றி மாட்டுங்கள். கோடை அழித்துவிட்டு வண்டியை ஓட்டிப் பாருங்கள். இப்போது ‘பி0302’ வந்தால் குற்றவாளி காயில். பழையபடி 0301-தான் என்றால் காயிலில் குறையில்லை. பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமலே நான்கு காயிலையும் மாற்றச் சொல்பவரிடம், ஏன் என்று தயங்காமல் கேளுங்கள்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓரமாக நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரியும். அங்கே பிளாட்டினம், பல்லேடியம் பூசிய பீங்கான் கூடு உருகிவிடும். சிதம்பரம் வரை ஓட்டிவிடலாம் என்ற அவசரத்தில் ஒரு காயில் செலவு பல மடங்காகிவிடும்.

கோடு காட்டுவது நோயின் அறிகுறியை. ‘பி0171’ என்றால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அதைக் கண்டு சொன்ன ஆக்சிஜன் சென்சாரையே கழற்றி எறிபவர்கள் உண்டு. பல வண்டிகளில் காற்றுக் குழாயில் ஒரு சின்ன வெடிப்புதான் காரணம்.

கடலோரத்து வண்டிகளில் நான் முதலில் தேடுவது ஒயர்களை இணைக்கும் கப்ளரை. உப்புத்துகள், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே நீரை இழுத்துக் கரைந்துவிடும். பிச்சாவரத்து வெண்கண்டல் மரம் வேண்டாத உப்பை இலை வழியே வெளியேற்றிவிடும். செம்புக் கம்பிக்கு அந்த வழி கிடையாது. கப்ளரை இழுத்து டார்ச் அடித்துப் பாருங்கள்: பின்னின் அடியில் பாசி படர்ந்ததுபோல் பச்சையாகப் பூத்திருக்கும். ஆன்மாவைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமை இந்தச் செம்புக் களிம்புதான், தில்லைக்காரர்களுக்குப் புதிதல்ல. சென்சாருக்குப் போவது வெறும் 5 வோல்ட். களிம்பு அதில் கொஞ்சம் தின்றாலும் கம்ப்யூட்டருக்குத் தப்புக் கணக்குதான் போய்ச் சேரும், சென்சார் நன்றாக இருந்தாலும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், பின்மேல் இருக்கும் பூச்சு போய்விட்டால் களிம்பு முன்னிலும் வேகமாக வரும்.

ஆனால் பேட்டரியில் கை வைக்குமுன் ஸ்கேனரில் கோடைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். என் வண்டிக்கு ஒரு பட்டறையில் அப்படிச் செய்யாமல் பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டி விளக்கை அணைத்தார்கள். குறை வந்த நொடியில் என்ன வேகம், இன்ஜின் எத்தனை சூடு என்று வண்டி பிடித்து வைத்திருந்த பதிவும் அதோடு போயிற்று. நான்காம் நாள் விளக்கு மறுபடி எரிந்தது. காரணத்தைப் பிடிக்க ஒரு வாரம் ஆனது.

குறை உண்மையிலேயே சரியாகிவிட்டால் விளக்கை யாரும் அணைக்க வேண்டியதில்லை. குறையில்லாமல் அடுத்தடுத்து மூன்று ஓட்டம் முடிந்தால் தானே அணையும். கோடு மட்டும், இன்ஜின் 40 முறை சூடாகி ஆறும் வரை, வண்டியின் நினைவில் இருக்கும்.