கணக்கர் வீட்டிலிருந்து வேலை செய்யலாமா?

2020 மார்ச் 25-இல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது மளிகைக் கடைகளுக்கு விலக்கு கிடைத்தது. கடை திறந்திருந்தது, கணக்கர் வர வழியில்லை. அன்று அவசரத்தில் செய்த ஏற்பாட்டை, இன்று நாம் நிதானமாக யோசித்துச் செய்யலாம்.

இதற்குத் தேவையும் இருக்கிறது. கைக்குழந்தைக்காகவோ, படுக்கையில் இருக்கும் பெற்றோருக்காகவோ அனுபவமுள்ள கணக்கர் வேலையை விட்டால், வாடிக்கையாளரின் பற்று வரவு தெரிந்த ஒருவரை இழக்கிறோம். புதியவர் பழகும்வரை பாக்கி வசூல் தடுமாறும். ஆனால், ஆளை வீட்டுக்கு அனுப்பும் முன் வேலையை ஒழுங்குபடுத்த வேண்டும்.

எந்த வேலை போகும்?

தொலைபேசி ஆர்டர், பேரேட்டுப் பதிவு, பாக்கி நினைவூட்டல், வரிப் படிவம் ஆகியவற்றை வீட்டிலிருந்தே செய்யலாம். எடை, இருப்பு, ரொக்கம் மூன்றும் கடையை விட்டு நகரக் கூடாது.

கணக்கு எங்கே இருக்க வேண்டும்?

பதிவில் காட்டிய முக்கிய வணிக இடத்திலேயே கணக்கு இருக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 35-ஆவது பிரிவு. கணினியிலும் வைக்கலாம். முத்தியால்பேட்டைக் கடையின் கணக்கர், எல்லை தாண்டிக் கோட்டக்குப்பத்தில் குடியிருக்கலாம். அதற்காகக் கொள்முதல் பில்களை மூட்டையாகக் கட்டி அங்கே அனுப்பக் கூடாது. அன்றன்று படமெடுத்து அனுப்புங்கள். அசல் பில் கடைக் கோப்பில் இருக்கட்டும். கணினிக் கணக்குக்கு நகல் எடுத்து வைப்பதும், திருத்திய, நீக்கிய பதிவுகளின் விவரம் தெரிவதும் விதிப்படி கட்டாயம். ஆண்டுப் படிவத்தின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும்.

சாவி யாரிடம்?

கணக்கருக்குத் தனிப் பயனர் பெயர் கொடுங்கள். முதலாளியின் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டாம். வங்கிப் பணத்தை அனுப்பக் கணக்கர் பதிவு செய்யலாம், ஒப்புதலும் ஓ.டி.பி.யும் முதலாளியிடமே இருக்கட்டும். ஒருவர் வேலையை விட்டால், அன்றே அவர் பயனர் பெயரை நிறுத்திவிடுங்கள். இது சந்தேகத்தால் அல்ல. நாளை ஒரு தொகை குறைந்தால், நேர்மையான கணக்கர் மீது பழி விழாமல் காப்பதும் இதுவே.

நேரமும் சம்பளமும்

மாதந்தோறும் படிவம் தருவோருக்கு ஜி.எஸ்.டி.ஆர்-1 அடுத்த மாதம் 11-ஆம் தேதி, 3பி 20-ஆம் தேதி. ஆகவே 5-ஆம் தேதிக்குள் எல்லா பில்லும் கணக்கரிடம் சேர வேண்டும். தினமும் கடை மூடும் முன் கல்லா ரொக்கத்தைச் சொல்லிப் பேரேட்டோடு ஒப்பிடுங்கள். வீட்டில்தானே இருக்கிறார் என்று இரவு பத்து மணிக்கு அழைப்பது முறையல்ல. இணையச் செலவைக் கடை ஏற்பதே நியாயம்.

முதலில் ஒருவர், வாரம் இரண்டு நாள், ஒரு மாதம் என்று தொடங்குங்கள். தீபாவளி நேரமும் மார்ச் முடிவும் இதற்கு ஏற்றவையல்ல. மாதக் கடைசியில் இருப்பும் பாக்கியும் சரியாக வந்தால், நாட்களைக் கூட்டலாம்.