பெட்ரோல் ட்யூப் போகும் வழி

கல்வராயன் மலை ஏற இன்ஜின் பெரிதாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. பழைய பெட்ரோல் ஜீப்பில் டீசல் இன்ஜின், கார்புரேட்டர் காரில் எம்.பி.எஃப்.ஐ. (ஃப்யூல் இன்ஜெக்‌ஷன்) இன்ஜின் என்று மாற்றிப் போடுவார்கள். மவுண்டிங், கியர் பாக்ஸ், ரேடியேட்டர் எல்லாவற்றுக்கும் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். டேங்கிலிருந்து இன்ஜினுக்கு வரும் ட்யூபை மட்டும் கடைசி நாள் சாயங்காலம், எங்கே சந்து கிடைக்கிறதோ அங்கே நுழைத்துக் கட்டிவிடுவார்கள். என் கட்சி இதற்கு நேர் எதிர்: இன்ஜினைத் தொங்கவிட்டுப் பார்க்கும்போதே ட்யூப் போகும் வழியைக் குறித்துவிட வேண்டும்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுகளில் வண்டி முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்கிறது. இன்ஜினுக்கு முழு உழைப்பு, முன்னாலிருந்து வரும் காற்றோ சொற்பம். பானட்டுக்குள் சூடு ஏறிக்கொண்டே போகும். போதாததற்கு உயரம் வேறு. சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி. நாலாயிரம் அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 13 சதவீதம் குறைவு. அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கும். பழைய வண்டிகளில் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டியிருக்கும். டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கும். உறிஞ்சும் பக்கத்து ட்யூபில் அழுத்தம் இன்னும் குறையும். அந்த ட்யூப் சைலன்சர் மேனிஃபோல்டை உரசிக்கொண்டு போனால் உள்ளே பெட்ரோல் ஆவியாகிக் குமிழ் கட்டும். பம்பால் குமிழை இழுக்க முடியாது. வண்டி இரண்டு முறை திக்கி, நின்றுவிடும். பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருப்பது பழைய டிரைவர்களின் வைத்தியம். அது அன்றைய பொழுதுக்குத்தான் ஆகும். ட்யூபை மேனிஃபோல்டுக்கு எதிர்ப்பக்கமாக, சேசிஸின் உள்விளிம்பை ஒட்டிக் கொண்டுவருவதே நிரந்தர வழி. டேங்க் அருகே மின்சார பம்ப் வைத்தால் இன்னும் நல்லது. அது பெட்ரோலைத் தள்ளுவதால் ட்யூபுக்குள் அழுத்தம் கூடும், கொதிப்பது தள்ளிப்போகும்.

டீசலுக்கு மாற்றினால் கதையே வேறு. பழைய பெட்ரோல் ஜீப்புக்கு ஒரே ட்யூப் போதும். டீசல் இன்ஜினுக்கு இரண்டு வேண்டும்: ஒன்று வர, ஒன்று போக. பம்பில் மிஞ்சும் டீசலும் நாசிலில் கசியும் டீசலும் டேங்குக்குத் திரும்பியாக வேண்டும். பழைய டேங்கில் அதற்குத் துளை கிடையாது. சோம்பல் பிடித்த கை, ரிட்டர்னை ஒரு 'டி' இணைப்பு போட்டு வரும் ட்யூபிலேயே சேர்த்துவிடும். சுட்ட டீசலும் அதிலுள்ள காற்றும் மறுபடி மறுபடி பம்புக்கே சுற்றி வரும். ஒழுங்கான வேலை என்றால் டேங்கின் மேல்பக்கம் தனியாக ஒரு ரிட்டர்ன் வாய் வைக்க வேண்டும். அதற்காகப் பெட்ரோல் இருந்த டேங்கை அப்படியே வெல்டிங்குக்குக் கொடுத்துவிடக் கூடாது. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும்.

உறிஞ்சும் ட்யூபில் கீறல் இருந்தால் ஒரு சொட்டுகூட வெளியே தெரியாமல் போகலாம். டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். காலையில் ஸ்டார்ட் ஆகாமல் தினம் ஏர் எடுக்கும் ஜீப்பில் பாதி நேரம் நோய் அங்கேதான்.

எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினில் அழுத்தம் சுமார் 3 பார். கார்புரேட்டருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். பழைய ட்யூபையும் பழைய கிளாம்பையும் அப்படியே விட்டுவைப்பது தீயை அழைப்பதுதான். ஊசித்துளையிலிருந்து பெட்ரோல் சொட்டாது, பீய்ச்சும். காமன் ரெயில் டீசலில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். அந்தக் குழாயை வளைப்பதையும் ஒட்டுப்போடுவதையும் மறந்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் இன்ஜின் மாற்றும் வேலையை முறையாகச் செய்து காட்டிய ஊர் கோயம்புத்தூர். 1995-இல் விமான விபத்தில் இறந்த எஸ். கரிவர்தன், மாருதி இன்ஜினைக் கொண்டு ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கினார். செட்டிப்பாளையம் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான். முன்னால் இருக்க வேண்டிய இன்ஜின் அந்தக் கார்களில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால். ஆகவே ட்யூபின் வழியையும் புதிதாகவே வரைய வேண்டும். சர்வதேசப் பந்தய விதிகளில் ஒன்றை நம் ஜீப்காரர்களும் எடுத்துக்கொள்ளலாம்: ஆள் உட்காரும் இடத்தின் வழியாக எரிபொருள் ட்யூப் போனால் அங்கே இணைப்பே இருக்கக் கூடாது.

மலையடிவாரக் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உள்ள மாவட்டம் இது, மக்காச்சோளமும் விளைகிறது. நாட்டின் எத்தனாலுக்குக் கரும்பும் மக்காச்சோளமும் முக்கிய மூலப்பொருள்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. இப்போது ஏறக்குறைய எல்லா பங்க்குகளிலும் அதுதான். விவசாயிக்கு நல்லது, பழைய ரப்பர் ட்யூபுக்கு நல்லதல்ல. எத்தனால் பழைய ரப்பரை ஊதவைத்து இளக்கும், ஈரத்தை இழுக்கும், டேங்கில் படிந்திருந்த அழுக்கைக் கிளப்பி ஃபில்டரை அடைக்கும். எத்தனாலைத் தாங்கும் ட்யூபா என்று கடையில் கேட்டு வாங்குவது இப்போது கட்டாயம்.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி அனுமதியில்லாமல் வண்டியை மாற்றக் கூடாது. தயாரிப்பாளர் தந்த அடிப்படை அமைப்பை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இன்னும் இறுக்கியது. அதே ஆண்டு வந்த திருத்தம், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது. அனுமதி வாங்கி மாற்றினாலும் ஆர்.சி.யில் ஏறுவது இன்ஜின் எண். ட்யூப் எந்தக் காகிதத்திலும் ஏறாது. மாற்றிய ஜீப்பை வாங்கப் போகிறவர் பெயின்ட்டைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் டார்ச்சோடு அடியில் குனிய வேண்டும். ட்யூப் பேட்டரி வயரோடு சேர்த்துக் கட்டியிருக்கிறதா, தகரத் துளை வழியே ரப்பர் வளையம் இல்லாமல் நுழைகிறதா, இன்ஜின் ஆடும்போது இழுபடாமல் தளர்வு விட்டிருக்கிறதா என்று பார்க்கட்டும். விலை பேசுவது அதற்கப்புறம்.