எரெனும் ஆதித்த கரிகாலனும்

நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போது ஓயாமல் சண்டை போடுவது கிரிக்கெட்டுக்காக அல்ல. ‘அனிமே’ எனப்படும் ஜப்பானியச் சித்திரத் தொடர்களின் கதாநாயகன் ஏன் அப்படிச் செய்தான் என்பதற்காக. ஆங்கிலமும் கன்னடமும் கொஞ்சம் தமிழும் கலந்து நடக்கும் இந்த வாதங்களைப் பெங்களூரின் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் கேட்கலாம். பொம்மைப் படத்துக்கு இவ்வளவு கூச்சலா என்று பெரியவர்கள் கதவைச் சாத்திவிடுகிறோம். சற்று நின்று கேட்டால், அது நமக்கு நன்கு பழகிய கூச்சல்தான்.

அவர்கள் அதிகம் வாதாடும் தொடர் ‘அட்டாக் ஆன் டைட்டன்’. (இன்னும் பார்க்காத பிள்ளைகள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடவும்.) ஹாஜிமே இசயாமா என்பவர் 2009 முதல் 2021 வரை ஒரு மாத இதழில் வரைந்த படக்கதை இது, தொலைக்காட்சித் தொடராக 2013-ல் தொடங்கி 2023-ல் முடிந்தது. நாயகன் எரென் முடிவில் உலக மக்களில் பத்தில் எட்டுப் பேரைக் கொன்றுவிடுகிறான். நண்பர்களைக் காக்கவா, விடுதலை வெறியிலா, அல்லது அந்த நண்பர்களே தன்னைக் கொன்று வீரர்களாகட்டும் என்றா? மூன்றுக்கும் கதையிலேயே சான்று உண்டு. கதையின் பிற்பகுதியில் ஆசிரியர் எரெனின் மனத்துக்குள் நம்மை அரிதாகவே விடுகிறார். பெரும்பாலும் மற்றவர் கண் வழியாகத்தான் அவனைப் பார்க்கிறோம். இறுதி அத்தியாயத்தில் நண்பன் ஆர்மின் அவனுக்கு நன்றி சொன்னதும் வாசகர்கள் கொதித்துப் போனார்கள். 2023-ல் திரையில் வந்தபோது அந்த உரையாடல் திருத்தப்பட்டிருந்தது. அங்கே ஆர்மின் பாவத்தில் தனக்கும் பங்கு உண்டு என்கிறான்.

இனி நம் கதைக்கு வருவோம். 1950 முதல் 1954 வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள், கல்கி வார இதழில் வந்தது ‘பொன்னியின் செல்வன்’. அவர்கள் மாதம் ஒருமுறை காத்திருந்தார்கள், நம்மவர்கள் வாரம் ஒருமுறை. அந்த இடைவெளியில்தான் வாதம் வளர்கிறது. அடுத்த இதழ் வரும்வரை பாத்திரங்கள் வாசகர் கையில் அல்லவா இருக்கிறார்கள்!

கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் கொல்லப்படும் இடத்தைக் கல்கி எப்படி எழுதினார் என்று பாருங்கள். பழிவாங்கக் காத்திருக்கும் நந்தினி அங்கே இருக்கிறாள். மணிமேகலையும் வந்தியத்தேவனும் பெரிய பழுவேட்டரையரும் இருக்கிறார்கள். ஆனால் உயிர் போன கணத்தை மட்டும் இருட்டில் வைத்துவிட்டார். பிறகு பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. மணிமேகலை தானே கொன்றதாகச் சொல்கிறாள். பழுவேட்டரையரும் குற்றத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார். போதாக்குறைக்கு, வீரபாண்டியனை நந்தினி எந்த உறவில் நேசித்தாள் என்பதையும் கல்கி ஓரிடத்தில் ஒரு விதமாகவும் வேறிடத்தில் வேறு விதமாகவும் தோன்றவிட்டிருக்கிறார். உறவு மாறினால் அவள் பகையின் பொருளே மாறிவிடுகிறது. கதை முடிந்ததும் வாசகர்கள் விடவில்லை. அவர்கள் கேள்விகளுக்காகக் கல்கி ஒரு முடிவுரையே எழுத வேண்டியதாயிற்று. பாத்திரங்களுக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்று அதில் தாராளமாகச் சொன்னவர், எழுதிய கதையை மாற்றவில்லை. ஜப்பானியரைவிட நம்மவருக்கு நெஞ்சுறுதி அதிகம் என்பேன்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவர்களுடைய நிலங்கள் பறிக்கப்பட்டன. கொன்றவர் யார் என்பதற்கு இவ்வாறு கல்லில் விடை உண்டு. ஏன் கொன்றார்கள் என்பதற்கு ஒரு சொல் கூட இல்லை. உத்தம சோழனுக்கு இதில் பங்கு இருக்கலாம் என்று நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். கல்வெட்டு விட்டுவைத்த அந்த ‘ஏன்’ என்ற வெற்றிடத்தில்தான் கல்கி நந்தினியைப் படைத்து உட்கார வைத்தார். அவள் முழுக்க முழுக்கக் கற்பனை. ஆனால் இன்று ரவிதாசனைவிட அவள்தான் நமக்கு உண்மையானவள்.

இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மணிரத்னத்தின் 2022, 2023 படங்களே அவர்களுக்குப் பொன்னியின் செல்வன். படத்தில் கரிகாலனின் காதலும் வேதனையும் முன்னால் வந்து நிற்கின்றன. அவன் சாவைத் தேடியே கடம்பூருக்கு வருகிறவன் போலத் தெரிகிறான். கல்கி மூடி வைத்த கதவை இயக்குநர் ஒரு பக்கமாகத் திறந்துவிட்டார். அது அவர் உரிமை. ஆனால் மூடிய கதவின் முன்னால் நின்று வாதாடும் சுகம் படம் மட்டும் பார்த்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அதனால் எங்கள் வீட்டில் ஐந்தாம் பாகமான ‘தியாகச் சிகரம்’ நூலிலிருந்து கடம்பூர் அத்தியாயங்களை மட்டும் இரவில் உரக்கப் படித்தோம். கொலை நடந்த இடத்தில் நிறுத்தி, யார் கொன்றது என்று கேட்டேன். கல்லூரியில் படிக்கும் மகள் அதற்குப் பதில் சொல்லவில்லை. “கரிகாலனும் எரென் மாதிரிதானே அப்பா? தன்னை யாராவது நிறுத்திவிட மாட்டார்களா என்றுதான் போயிருக்கிறான்” என்றாள். என் மனைவி ஒப்பவில்லை. வீரபாண்டியனுக்கு உயிர்ப்பிச்சை கேட்டவளின் கண்முன்னே அவன் தலையை வெட்டியவனுக்கு இரக்கம் எதற்கு, அவள் பக்கத்தை யார் பேசுவது என்று கேட்டாள். அடுத்த அத்தியாயத்தை இன்னும் தொடங்கவில்லை.