துரைமாருக்கு ஒரு பட்டாளம், மற்றவருக்கு இன்னொன்று

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகிறவர்களுக்குக் கடுகண்ணாவை ஏற்றம் முடிந்ததும் பிலிமத்தலாவை வரும், அதைத் தாண்டினால் பேராதனை. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை டில்லியிலிருந்து பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். இந்தப் பக்கத்துப் போர்க்காலக் கதை என்றால் எல்லோரும் அவரைத்தான் சொல்வார்கள். அவர் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே உள்ளூரில் திரட்டிய பட்டாளங்கள் இருந்தன.

1910 முதல் அவையெல்லாம் இலங்கைப் பாதுகாப்புப் படை என்ற ஒரே பெயரின் கீழ் வந்தன. பெரும்பாலானவர்கள் தொண்டர்கள். பகலில் கந்தோரில் பேனா பிடிப்பவர் மாலையில் சீருடை மாட்டிக்கொண்டு பரேட்டுக்குப் போவார். வருடத்துக்கு ஒருமுறை தியத்தலாவையில் முகாம். 1900இல் போயர் போர்க் கைதிகளை அடைத்துவைக்க உருவான இடம் அது. 1881இல் தொடங்கிய சிலோன் லைட் இன்பன்ட்ரியில் உள்ளூர்க்காரர் சேரலாம்.

கண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட பட்டாளத்தின் கதை வேறு. சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர் 1900இல் தொடங்கியது. சிப்பாய் முதல் தளபதிவரை எல்லோருமே வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார். முதல் உலகப் போரில் எகிப்துக்குக் கப்பலேறி, கலிப்போலியில் ஜெனரல் பேர்ட்வுட்டுக்குக் காவலிருந்தார்கள். இரண்டாம் போரில் இவர்களில் பலர் இந்திய இராணுவத்துக்கு அதிகாரிகளாகப் போனார்கள். துரை போருக்குப் போனாலும் தோட்டத்தில் பிரட்டு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் திரட்டுவது, நிற்கவில்லை. மலாயா ஜப்பான் கையில் விழுந்த பிறகு நேசநாடுகளுக்கு இலங்கை ரப்பர் உயிர்நாடியானது. மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை என்று பால் வெட்டச் சொன்னார்கள். வெட்டியவர்களில் பலர் தமிழர். துரைமாரின் பட்டாளத்தில் அவர்களுக்கு இடம் கிடையாது.

1939இல் போர் வந்ததும் தொண்டர்கள் முழுநேரச் சிப்பாய்களானார்கள். ஒரு பட்டாலியனாக இருந்த லைட் இன்பன்ட்ரி ஐந்தாகப் பெருத்தது. அன்றாட வேலை? பெரும்பாலும் காவல்தான்: துறைமுகம், எண்ணெய்த் தாங்கி, விமானத்தளம், கம்பியில்லாத் தந்தி நிலையம். கட்டளைகள் ஆங்கிலத்தில். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. அந்த இரண்டு நாள்களை விட்டால், காவலில் நின்றவர்களுக்கு எதிரி கண்ணில் படாத மாதங்களே அதிகம். அந்த வருடமே பர்மா அரிசியும் நின்றுபோனது. ஊரே கூப்பன் அரிசிக்கும் கோதுமை மாவுக்கும் பழகிக்கொண்டிருந்தது.

சும்மா காத்துக்கிடப்பதும் பிடிக்காத மேலதிகாரியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்துமாக் கடலிலுள்ள கொக்கோஸ் தீவுகளைப் பார்த்தால் போதும். அங்கே ஹோர்ஸ்பர் தீவில் இரண்டு ஆறு அங்குலப் பீரங்கிகளோடு இலங்கைப் பீரங்கிப் படையினர் இருந்தனர். தளபதி கார்டினர் என்ற ஆங்கிலேயர். அவருடைய கண்டிப்பும் நிறவேற்றுமையும் அவர்களை உறுத்தின. இலங்கையில் அப்போது பரவிக்கொண்டிருந்த ஏகாதிபத்திய எதிர்ப்பும் சிலருடைய மனதில் இருந்தது. 1942 மே 8 இரவு கிரேஷியன் பெர்னாண்டோ தலைமையில் ஒரு குழு துப்பாக்கி தூக்கியது. தீவை ஜப்பானியரிடம் ஒப்படைப்பது திட்டம். பெர்னாண்டோவின் பிரென் துப்பாக்கி இடையில் சிக்கிக்கொண்டது, கலகம் சில மணி நேரத்தில் அடங்கியது. உடனிருந்த இலங்கைச் சிப்பாய் ஒருவர் அதில் இறந்தார். பெர்னாண்டோவும் இன்னும் இருவரும் ஆகஸ்டில் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தப் போரில் கலகக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட பொதுநலவாயச் சிப்பாய்கள் இவர்கள் மூவர் மட்டுமே. காவலுக்கு நின்ற ஒரு சிறு படைப்பிரிவில் இப்படி நடந்ததுதான் எனக்கு இன்னமும் விசித்திரமாகப் படுகிறது.

1949இல் பாதுகாப்புப் படையைக் கலைத்து இலங்கை இராணுவம் அமைக்கப்பட்டது. துரைமாரின் பட்டாளம் அந்த வருடத்தோடு முடிந்தது. லைட் இன்பன்ட்ரியோ புதிய இராணுவத்துக்குள் போய், ஸ்ரீலங்கா லைட் இன்பன்ட்ரி என்ற பெயரில் இன்றும் இருக்கிறது.